கோல் போட்டவரும் குறுக்கே நின்றவரும்

ஹாக்கியில் ஒரு பார்வர்டு ஆட்டக்காரரை எதைக் கொண்டு மதிப்பிடுவது என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோர் யோசியாமலே விடை சொல்லிவிடுவோம். எத்தனை கோல் போட்டார் என்று பார்த்தால் தீர்ந்தது! 1936-ல் பெர்லின் நகரில் ஜெர்மனியை 8-1 என்று நம்மவர்கள் முறியடித்த பந்தயத்தைப் பேசும்போதெல்லாம் தியான் சந்தின் கோல்களைத்தான் பேசுகிறோம். ஜெர்மானியர் இரண்டாவது கோல் போடாதபடி பார்த்துக்கொண்டவர்கள் யார் யார் என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் விழிப்போம்.

இந்த வழக்கு கனடாவிலும் அமெரிக்காவிலும் வெகு காலமாக நடந்துவருகிறது. அங்கே ஹாக்கி என்றால் ஐஸ் ஹாக்கிதான். பனிக்கட்டித் தளம், காலில் சறுக்குக் கத்தி பொருத்திய பூட்ஸ், பந்துக்குப் பதில் மூன்று அங்குலக் குறுக்களவுள்ள கெட்டி ரப்பர் வட்டு. கோஷ்டிக்கு ஆறு பேர்: கோல் காப்பவர் ஒருவர், பின்வரிசையில் இருவர், பார்வர்டுகள் மூவர். ஓட்டம் மிகக் கடுமையானபடியால், சுமார் முக்கால் நிமிஷத்துக்கு ஒரு தரம் பார்வர்டுகள் மூவரும் வெளியேறி, வேறு மூவர் இறங்குவார்கள். விஷயமே இந்த ஆள் மாற்றத்தில்தான் இருக்கிறது. எதிரியின் புலிகள் இறங்கும்போது நாம் யாரை இறக்குவது? நம்முடைய புலிகளையா, அல்லது அவர்களைக் கட்டிப்போடக் கூடியவர்களையா?

1976 முதல் 1979 வரை தொடர்ந்து நான்கு வருஷம் ஸ்டான்லி கோப்பையை வென்றது மான்ட்ரீல் நகரத்துக் கோஷ்டி. அதில் இரண்டு பார்வர்டுகள். வலது ஓரத்தில் கீ லாஃப்ளூர். இடது ஓரத்தில் பாப் கெய்னி. லாஃப்ளூர் 1977-78 பருவத்தில் மட்டும் 60 கோல் போட்டார். கெய்னியோ தம் ஆட்ட வாழ்வு முழுவதிலும் எந்தப் பருவத்திலும் 23 கோலைத் தாண்டியதில்லை. கோலுக்கு ஒரு புள்ளி, கோல் விழ வட்டைத் தள்ளிக் கொடுத்ததற்கு ஒரு புள்ளி என்பது அங்கே கணக்கு. அந்தக் கணக்கில் லாஃப்ளூர் 1,126 பந்தயங்களில் 1,353 புள்ளி. கெய்னி 1,160 பந்தயங்களில் 501. பேரேட்டை மட்டும் புரட்டுகிறவர் இத்துடன் மூடி வைத்துவிட்டுப் போய்விடுவார்.

ஆனால் கெய்னிக்கு இட்ட வேலை வேறு. எதிர்க் கோஷ்டியின் சிறந்த ஓர ஆட்டக்காரரோடு தோளோடு தோளாகச் சறுக்கிக்கொண்டே போய், வட்டு அவரிடம் வந்து சேராமல் வழியை அடைக்க வேண்டும். வந்து சேர்ந்தாலும் கோல் பக்கம் திரும்ப விடாமல் சுவரோரமாக நெருக்க வேண்டும். தம்முடைய கோஷ்டி தாக்கும்போதே, வட்டு பறிபோனால் எந்த வழியாகத் திரும்புவது என்பதை அவர் மனம் கணக்கிட்டுக்கொண்டிருக்கும். இதெல்லாம் சரியாக நடந்தால் என்ன ஆகும்? ஒன்றுமே ஆகாது! அந்த ஒன்றும் ஆகாததுதான் அவர் சாதனை. நடக்காத காரியத்தை எந்தப் பத்தியில் எழுதுவது?

நம் வீடுகளில் இது புதிய விஷயமல்ல. நூறு ரூபாய் சம்பாதித்து வந்தவரின் பெயர் வரவுப் பத்தியில் ஏறுகிறது. வீணாகப் போகவிருந்த நூறு ரூபாயைக் காப்பாற்றிய அம்மாளின் பெயர் எந்தப் பத்தியிலும் இல்லை. மாதக் கடைசியில் பெட்டியில் மிஞ்சுவது என்னவோ இரண்டும் சேர்ந்துதான்.

இந்தக் குறையைத் தீர்க்க அங்கே ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒருவர் தளத்தில் இருக்கும்போது தம் கோஷ்டி கோல் போட்டால் ஒன்று கூட்டுவது. எதிரி போட்டால் ஒன்று கழிப்பது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எதிரே நின்றவர் யார் என்பதை அது கேட்பதில்லை. ஒவ்வொரு இரவும் எதிரியின் முதல் வரிசையைச் சமாளித்தவரும், கடைசி வரிசையோடு விளையாடிவிட்டு வந்தவரும் அதில் ஒன்றே. கடினமான கேள்வித்தாளில் நாற்பது வாங்கிய பையனையும், சுலபமான தாளில் அறுபது வாங்கிய பையனையும் ஒரே பட்டியலில் வரிசைப்படுத்த எந்த வாத்தியாராவது துணிவாரா? (துணிகிறவர்களும் உண்டு, அது வேறு கதை.)

1978-ல், தற்காப்பில் சிறந்த பார்வர்டுக்கென்று செல்கி பரிசை வழங்கத் தொடங்கினார்கள். முதல் நான்கு வருஷமும் அது கெய்னிக்கே போயிற்று. 1979-ல் கோப்பைப் பந்தயங்களின் சிறந்த ஆட்டக்காரர் என்ற பரிசும் அவருக்குக் கிடைத்தது. அவரைவிட அதிகப் புள்ளி எடுத்தவர்கள் அவருடைய கோஷ்டியிலேயே இருந்தார்கள். புள்ளிக்கான பரிசைக் கூட்டல் கணக்கு கொடுத்துவிடும்; செல்கி பரிசைப் பத்திரிகைக்காரர்கள் வாக்களித்துத்தான் கொடுக்க வேண்டும். வாக்களிப்பவர் கண் எங்கே போகும்? நாளடைவில் அந்தப் பரிசும் கோல் போடுகிறவர்கள் பக்கம் சாய்ந்தது. 1994-ல் அதைப் பெற்ற செர்கெய் ஃபெடரோவ் அந்தப் பருவத்தில் 56 கோலும் 120 புள்ளியும் எடுத்தவர். தற்காப்பிலும் அவர் வல்லவர் என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் கோலே போடாமல் தடுத்துக்கொண்டு மட்டும் இருந்தவர் அந்த வருஷம் யார் கண்ணில் பட்டிருப்பார்?

ஃபெடரோவின் டெட்ராயிட் கோஷ்டித் தலைவர் ஸ்டீவ் ஐசர்மன். அவர் 1988-89 பருவத்தில் 65 கோலும் 155 புள்ளியும் எடுத்தார். ஒரு பருவத்தில் அதற்கு மேல் எடுத்தவர்கள் கிரெட்ஸ்கி, லெமியூ இருவர்தான். இருந்தும் டெட்ராயிட்டுக்குக் கோப்பை கிட்டவில்லை. 1993-ல் ஸ்காட்டி போமன் பயிற்சியாளராக வந்தார். மான்ட்ரீலில் லாஃப்ளூரையும் கெய்னியையும் ஆட்டி வைத்த அதே மனிதர். அவர் கீழ் ஐசர்மன் பின்னால் ஓடிவந்து தடுக்கும் வேலையில் இறங்கினார். முப்பது வயதை எட்டப் போகும் ஒரு புகழ்பெற்ற மனிதர், தம் பெயர் பத்திரிகையில் குறைவாக வருவதற்கு மனமிசைந்து உழைப்பது சாமானியமல்ல. புள்ளிகள் குறைந்தன, 1996-97-ல் 85-தான். அந்த வருஷம் டெட்ராயிட் 42 ஆண்டுகளுக்குப் பின் கோப்பையை வென்றது. மறு வருஷமும் வென்றது. 2000-ல் செல்கி பரிசும் ஐசர்மனுக்கு வந்தது.

அப்படியானால் தடுப்பவர்தான் உயர்ந்தவரா? நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். கோல் போடுகிறவர் மனம் வைத்தால் தடுக்கக் கற்றுக்கொள்ளலாம், ஐசர்மனே சாட்சி. தடுப்பவர் எவ்வளவு மனம் வைத்தாலும் 60 கோல் போட முடியாது. தடுப்பின் பலனில் பின்வரிசையாருக்கும் கோல் காப்பவருக்கும் பங்குண்டு. லாஃப்ளூரின் மணிக்கட்டு அசைவில் வேறு யாருக்கும் பங்கில்லை. ஆகையால் இருவரில் ஒருவரைத்தான் எடுக்கலாம் என்றால் லாஃப்ளூரையே எடுப்பேன். ஆனால் 1,353-க்கும் 501-க்கும் உள்ள தூரம் அவர்களுக்குள் இருப்பதாக ஒப்புக்கொள்ளமாட்டேன்; அதில் பாதி கூட இல்லை என்பது என் அபிப்பிராயம். ஒரு கோல் முன்னிலையில், இரண்டே நிமிஷம் மிச்சம், எதிரியின் முதல் வரிசை இறங்குகிறது என்றால் கெய்னியைத்தான் அனுப்புவேன். போமனுக்கு இந்தச் சங்கடமே இல்லை. அவருடைய பெஞ்சியில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.