கேரவன் அப்புறம் வரட்டும், முதலில் டிராக்டர் டிரெய்லரைப் பாருங்கள்!

கேரவன் என்று சொன்னால் நம் ஊரில் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ஒன்றுதான். படப்பிடிப்பு இடைவேளையில் நடிகர்கள் ஏறி ஏசியில் உட்காரும் வண்டி. வெளிநாட்டில் அது குடும்பத்தோடு ஊர் சுற்றுவதற்கான வண்டி. படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும். கேரள அரசு 2021-ல் கேரவன் சுற்றுலாவை ஆரம்பித்தது. அதைப் பார்த்து இங்கேயும் வந்தால் என்ன என்று ஆசைப்படுபவர்கள் உண்டு. சாத்தனூரில் கல்லாகிப் போன மரம் இருக்கிறது, ரஞ்சன்குடி கோட்டை இருக்கிறது, கரைவெட்டிப் பறவைகள், கங்கைகொண்ட சோழபுரம்... நாலு நாள் வண்டியிலேயே தங்கிச் சுற்றலாம்தான்.

ஆசையில் தப்பில்லை. ஆனால் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் கேரவன் ஏற்கனவே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்பதை யாரும் கவனிப்பதில்லை.

இந்த வண்டிகளில் இரண்டு சாதி உண்டு. ஒன்று, எஞ்சினும் வீடும் ஒரே உடம்பில் இருப்பது. வேன் அல்லது பஸ் சேஸிஸ் மேல் கட்டுவார்கள். இன்னொன்று எஞ்சின் இல்லாத பெட்டி. காரோ ஜீப்போ முன்னால் இழுக்க, இது கொக்கியில் மாட்டிக்கொண்டு பின்னால் வரும். முதல் வகையை ஓட்டுவது பெரிய வித்தையில்லை, உயரமும் நீளமும் ஞாபகம் இருந்தால் போதும். இரண்டாவதுதான் விவகாரம்.

இப்போது குலசாமி கோயிலுக்குப் போகும் ஒரு குடும்பத்தைப் பாருங்கள். முப்பது பேர், அண்டா, விறகு, அரிசி மூட்டை, கிடா, ராத்திரி படுக்கத் தார்ப்பாய். எல்லாம் ஒரே டிராக்டர் டிரெய்லரில்! சமையல் உண்டு, படுக்கை உண்டு, இழுக்க ஒரு வண்டி உண்டு. கேரவனுக்கு வேறு என்ன இலக்கணம் வேண்டும்? திங்கள், வெள்ளியில் சிறுவாச்சூர் மதுரகாளியம்மனுக்கும், ராமநவமிக்குக் கல்லங்குறிச்சிக்கும் கூட்டம் அலைமோதும். அங்கே போகும் ரோட்டில் குட்டி யானையிலும் டிரெய்லரிலும் நின்றபடி போகும் ஜனங்களைப் பார்க்காதவர் உண்டா? எறையூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் அதே வகை வண்டிதான்.

"அது சட்டப்படி குற்றம், அபராதம் போட வேண்டியதுதானே" என்று படித்தவர்கள் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். குற்றம்தான், மறுப்பில்லை. அதைவிடக் கொடுமை ஒன்று இருக்கிறது. சரக்கு வண்டியில் சும்மா ஏறி வருபவருக்கு அடிபட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பாகாது என்று 2002 இறுதியிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வண்டிக்காரர் கையிலிருந்து கொடுத்தால்தான் உண்டு. கடனில் டிராக்டர் வாங்கியவர் என்னத்தைக் கொடுப்பார்? ஆனால் முப்பது பேரையும் அண்டாவையும் கிடாவையும் எந்த டவுன் பஸ்ஸில் ஏற்றுவது? அந்தக் கேள்விக்கு அபராத ரசீதில் பதில் கிடையாது.

சரி, அந்த டிரெய்லரை இழுப்பவருக்கு இழுக்கச் சொல்லிக் கொடுத்தது யார்? யாருமில்லை! மோட்டார் வாகனச் சட்டம் (1988) எடை குறைந்த டிராக்டரையும் இலகுரக வாகனம் என்ற கணக்கில்தான் சேர்த்திருக்கிறது. டிராக்டர் ஓட்ட உரிமம் உள்ளவர் பின்னால் டிரெய்லரை மாட்டினால் அந்த உரிமம் செல்லாமல் போகாது என்று 2001-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பும் சொன்னது. நஷ்ட ஈடு கேட்டு வந்தவர்களுக்கு அது நல்ல தீர்ப்பு. ஆனால் விளைவு என்ன? காரை ஓட்டிக் காட்டி உரிமம் வாங்கியவர் மறுநாளே பல டன் கரும்பை இழுத்துக்கொண்டு திருச்சி - சென்னை நெடுஞ்சாலையில் ஏறலாம்.

ஜெர்மனியில் சாதாரண கார் உரிமத்துக்கு 750 கிலோ டிரெய்லர்தான். அதைவிடக் கனமான டிரெய்லரை மாட்டி, மொத்த எடை 3,500 கிலோவைத் தாண்டினால் தனிப் பயிற்சியோ தேர்வோ வேண்டும். "பிரிட்டனில் 2021 டிசம்பரில் அந்தத் தேர்வையே எடுத்துவிட்டார்களே" என்று யாராவது மடக்கலாம். எடுத்தார்கள்தான். ஆனால் அங்கே 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குச் சொந்த பிரேக் கட்டாயம். இங்கே பல டிரெய்லர்களுக்குப் பின் விளக்கே கிடையாது, பிரேக்கைப் பற்றி எங்கே பேசுவது!

கற்றுக்கொள்ள அப்படி என்ன இருக்கிறது என்றால், நிறைய இருக்கிறது. ஒற்றை அச்சு டிரெய்லரில் பாரம் பின்பக்கம் போனால் கொக்கி மேலே தூக்கும், வண்டி வால் ஆட்டும். அமெரிக்காவில் கேரவன் இழுப்பவர்களுக்கு முதல் பாடமே, மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கி மேல் இருக்க வேண்டும் என்பதுதான். அதற்காகக் கண்டபடி முன்னால் ஏற்றினால் டிராக்டருக்கு வேறு வினை, மேட்டில் முன்சக்கரம் தரையை விட்டுக் கிளம்பும். கரும்புக் காலத்தில் இதைப் பார்த்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். வேடிக்கையாகத்தான் இருக்கும், ஸ்டீயரிங் பிடித்திருப்பவருக்கு இல்லை.

டிராக்டரில் பின்சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு பிரேக் மிதி இருக்கும். வயலில் சட்டென்று திருப்ப ஒன்றை மட்டும் மிதிப்பார்கள். ரோட்டுக்கு வந்தால் இரண்டையும் இணைக்கும் கொண்டியைப் போட்டாக வேண்டும். மறந்துவிட்டு அவசரத்தில் ஒன்றை மட்டும் மிதித்தால் டிராக்டர் ஒரு பக்கம் இழுக்கும், பின்னால் வரும் பாரம் நிற்காமல் தள்ளும், இரண்டும் மடங்கிக்கொள்ளும். இறக்கத்தில் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவதும் இதே கதைதான். கியரில்தான் இறங்க வேண்டும். ரிவர்ஸ் எடுக்க, ஸ்டீயரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்து, டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்த வேண்டும். நாலு சக்கர டிரெய்லரில் முன் அச்சும் தனியாகத் திரும்பும் என்பதால் அதற்கு இன்னும் பழக்கம் வேண்டும்.

விளக்கில்லாத டிரெய்லர் 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, பின்னால் கார் 100-ல் வருகிறது என்று வையுங்கள். இடைவெளி நொடிக்கு 22 மீட்டர் குறையும். ஐம்பது மீட்டரில் கண்ணில் பட்டால் கைவசம் இரண்டு நொடிதான். சில நூறு ரூபாய் பிரதிபலிப்பு ஸ்டிக்கர் அந்த இரண்டை ஐந்தாறு ஆக்கும்.

வேளாண் பொறியியல் துறை விவசாயிகளுக்கு டிராக்டரை வாடகைக்கு விடுகிறது. அதே துறை இரண்டு நாள் டிரெய்லர் பயிற்சியும் நடத்தலாம். டிராக்டர் உரிமத் தேர்வில் டிரெய்லரை மாட்டி ஒரு முறை ரிவர்ஸ் எடுக்கச் சொல்லலாம். ஆடி மாதமும் ராமநவமியும் எப்போது வரும் என்று காலண்டரிலேயே போட்டிருக்கிறது. அந்த நாட்களில் ஊர்க்கூட்டமும் சாமானும் ஏறும்படி, கட்டுப்படியாகும் வாடகைக்கு அரசு பஸ் விடலாம். கேரவன் பூங்காவுக்கு இடம் தேடுவதை விட இதற்கெல்லாம் செலவு கம்மிதான்.