சூத்திரம் முதலா, படம் முதலா?

இயற்பியல் வினாத்தாளில் 'கூம்பு ஊசல்' என்ற சொற்களைக் கண்டதும் நம்மில் பலரது பேனா தானாகவே ஒரு சூத்திரத்தை எழுதிவிடுகிறது. எண்களை அதில் இட்டு, விடை கண்டு, அடுத்த வினாவுக்குச் சென்றுவிடுகிறோம். இவ்வழக்கம் மதிப்பெண் தரலாம். இயற்பியலைத் தராது என்பதே என் கருத்து.

கூம்பு ஊசல் நமக்கு அந்நியப் பொருளன்று. சுசீந்திரம் தேரோட்டம், கோட்டாற்றுச் சவேரியார் திருவிழா, மண்டைக்காட்டுக் கொடை என்று நம் மாவட்டத்தில் திருவிழாக்களுக்குக் குறைவில்லை. சங்கிலிகளில் நாற்காலிகள் தொங்கும் ராட்டினத்தைத் திருவிழாத் திடலில் பார்க்காதவர் யார்? அது சுற்றச் சுற்ற நாற்காலிகள் வெளிப்புறமாக விரிகின்றன. சங்கிலிகள் சாய்ந்து நிற்கின்றன. கூம்பு ஊசலும் இதுவே. ஒரே வேறுபாடு, சங்கிலி நடு அச்சில் கட்டப்படாமல் மேல்வளையத்தின் விளிம்பில் கட்டப்பட்டிருக்கிறது.

மேல்வளையத்தின் ஆரம் 3 மீட்டர், சங்கிலியின் நீளம் 5 மீட்டர் எனக் கொள்வோம். சங்கிலி செங்குத்துக் கோட்டுடன் ஏறத்தாழ 37 பாகை சாய்கிறது. அக்கோணத்தின் சைன் 0.6, டேன்ஜெண்ட் 0.75. ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் என்ன? சூத்திரத்தை மட்டும் நம்பியவர், சங்கிலியின் நீளத்தைச் சைனால் பெருக்கி, ஆரம் 3 மீட்டர் என்பார். அவர் விடை 4.0 வினாடி. படம் வரைந்தவரோ விளிம்பின் 3 மீட்டரையும் சேர்த்து, ஆரம் 6 மீட்டர் எனக் காண்பார். அவர் விடை 5.7 வினாடி. அத்தகைய ராட்டினத்தின் அருகே கைக்கடிகாரத்துடன் நின்று பத்துச் சுற்றுகளை எண்ணினால், 40 வினாடியா 57 வினாடியா என்பது வெளியாகிவிடும்.

விசைகளிலும் இதே குழப்பம்தான். நாற்காலியின் மீது செயல்படும் விசைகள் இரண்டே: கீழ்நோக்கிய எடை, சங்கிலி வழியேயான இழுவிசை. இழுவிசையின் செங்குத்துக் கூறு எடையைச் சமன்செய்கிறது. கிடைக்கூறே மையநோக்கு விசை. அதற்கென மூன்றாவது அம்புக்குறி இடுவது தவறு. மையவிலக்கு விசையோ நாற்காலியில் அமர்ந்து உடன் சுற்றுபவரின் கணக்குக்கு உரியது. தரையில் நின்று பார்ப்பவரின் படத்தில் அதற்கு இடமில்லை.

கிடைக்கூறைச் செங்குத்துக் கூறால் வகுத்தால் நிறை நீங்கிவிடுகிறது. ஆகவேதான் குழந்தையின் சங்கிலியும் பருத்த பெரியவரின் சங்கிலியும் ஏறத்தாழ ஒரே சாய்வில் நிற்கின்றன. ராட்டினம் எவ்வளவு விரைந்து சுழன்றாலும் சங்கிலி முற்றிலும் கிடைமட்டமாகாது. ஆகிவிட்டால் எடையைத் தாங்கச் செங்குத்துக் கூறு எங்கே இருக்கும்? படம் இவற்றையெல்லாம் சொல்லும். மனப்பாடம் செய்த சூத்திரம் சொல்லாது.

ஹைகன்ஸ் 1673ஆம் ஆண்டில் வெளியிட்ட ஊசல் கடிகார நூலின் இறுதியில், வட்ட இயக்கம் பற்றிய 13 தேற்றங்களை நிரூபணமின்றி வெளியிட்டார். அவர் 1695இல் மறைந்தபின், 1703இல்தான் நிரூபணங்கள் அச்சேறின. அவர் நிரூபணத்தைக் கையில் வைத்துக்கொண்டு முடிவை மட்டும் எழுதினார். நாமோ நிரூபணத்தை அறியாமலேயே முடிவை எழுதுகிறோம்!

"மூன்று மணி நேரத் தேர்வில் படம் வரைய நேரமேது?" என்று நண்பர்கள் கேட்கலாம். ஒரு கோடும் இரண்டு அம்புக்குறிகளும் வரைய ஒரு நிமிடம் போதும். தவறான ஆரத்துடன் ஒரு பக்கம் பெருக்கி வகுப்பதற்கு ஆகும் நேரத்தைவிட அது குறைவே.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். கல்லூரித் தேர்வுகளிலேனும் விசைப் படத்திற்குத் தனி மதிப்பெண் வழங்குங்கள். எண்களே இல்லாமல், "விசைகளைக் குறித்துக் காரணம் கூறுக" என்று மட்டும் ஒரு வினா கேளுங்கள். எங்களில் சிலர் நாளை பள்ளிகளில் கரும்பலகையின் முன் நிற்கப்போகிறவர்கள். நாங்கள் சூத்திரத்தை மட்டும் சுமந்து சென்றால், எங்களிடம் பயிலும் பிள்ளைகளுக்கும் அந்தச் சுமையே கிட்டும். "ஏன்?" என்று ஒரு சிறுவன் எழுந்து கேட்கும்போது விடை சொல்ல வேண்டுமானால், அந்தக் கேள்வியை நாம் இன்றே கேட்டுப் பழக வேண்டும்.