புள்ளடி போட்ட பிறகு

2010 ஜனவரி 26ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தலில் தமிழர்களாகிய நாங்கள் ஒரு படைத்தளபதிக்கு வாக்களித்தோம். முள்ளிவாய்க்காலில் போர் முடிந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. போரை நடத்திய ஜனாதிபதி மகிந்த ஒரு பக்கம், அதே போரில் இராணுவத்துக்குத் தலைமை தாங்கிய சரத் பொன்சேகா மறு பக்கம். எரிகிற கொள்ளியில் எது நல்ல கொள்ளி என்று பார்க்கச் சொன்னார்கள். பார்த்தோம். யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் பொன்சேகாவே முன்னுக்கு வந்தார். நாட்டில் தோற்றார்.

அந்த வாக்கைப் பற்றி நாங்கள் பிறகு வாய் திறக்கவில்லை. மகிந்தவுக்கு எதிராகப் போட்டோம் என்று சொல்லிவிட்டு எங்கள் வேலைக்குப் போனோம். போட்டது பிழை என்று நான் சொல்ல வரவில்லை. காணாமல் போன பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்த ஒரு தாய், அந்தச் சீட்டில் அந்தப் பெயருக்கு நேரே எந்த மனத்தோடு புள்ளடி போட்டிருப்பார் என்று கேட்க நாங்கள் கூசினோம். கேட்டிருந்தால் அடுத்த தேர்தலுக்குள் வேறு ஏதாவது வழி தேடவேண்டி வந்திருக்கும். அந்த வேலை எங்களுக்கு வேண்டியிருக்கவில்லை.

குறைந்த தீமைக்கு வாக்களிக்கலாமா, கூடாதா என்று ஐந்து வருடத்துக்கொரு முறை பத்திரிகைகளிலும் தேநீர்க் கடைகளிலும் சண்டை பிடிக்கிறோம். பச்சைக் கட்சியும் நீலக் கட்சியும் ஒரே குட்டையில் ஊறிய மட்டை என்று ஒரு கூட்டம். வீட்டில் இருந்தால் பெரிய பேய் வந்துவிடும் என்று இன்னொரு கூட்டம். இரண்டாவது கூட்டத்தின் பக்கம்தான் நான். ஆனாலும் எங்கள் உண்மையான குற்றம் அந்தச் சண்டைக்குள் இல்லை. வாக்கெண்ணி முடிந்த அன்றே எங்கள் அரசியலையும் முடித்துக்கொண்டோமே, அதில்தான் இருக்கிறது.

2015 ஜனாதிபதித் தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். மகிந்தவுக்கு எதிராக நின்ற மைத்திரிபால சிறிசேன ஒன்றும் அந்நியர் இல்லை. போரின் கடைசி நாட்களில் மகிந்த வெளிநாட்டில் இருந்தபோது பதில் பாதுகாப்பு அமைச்சராக இருந்தவர். ஏறக்குறைய நாலரை இலட்சம் வாக்கு வித்தியாசத்தில் வென்றார். வடக்கும் கிழக்கும் மலையகமும் முஸ்லிம் மக்களும் சேர்ந்து போடாவிட்டால் அந்த வெற்றி இல்லை. அப்படிப்பட்ட வாக்கை, எழுத்தில் ஒரு வரி கூட வாங்காமல் கொடுத்தோம். ஒப்பந்தம் என்று ஏதாவது வெளியே தெரிந்தால் தெற்கில் மகிந்த தரப்பின் வாய்க்கு அவல் கிடைத்துவிடும் என்றார்கள். நியாயமான பயம்தான். ஆனால் தேர்தலுக்கு முன்பு வாய் மூடியதற்கு அது காரணம் என்றால், வென்ற பிறகும் நாலு வருடம் ஏன் மூடிக்கொண்டிருந்தோம்?

அந்த நாலு வருடத்தில் எங்கள் வீடுகளில் புழங்கிய பேச்சு இதுதான்: “இப்ப உதைக் கிளறாதேங்கோ, பிறகு அவங்கள் திரும்பி வந்திடுவாங்கள்.” காணி விடாததைப் பற்றிக் கேட்டாலும் இதே பதில், அரசியல் கைதிகளைப் பற்றிக் கேட்டாலும் இதே பதில். பெரிய தீமையை வெளியே நிறுத்துவதற்காகச் சின்னத் தீமைக்குக் காவல் இருந்தோம். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயிலடியில், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் கொட்டகை போட்டு உட்கார்ந்தார்கள். அடுத்த மாதமே ஜெனீவாவில், ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில், 2015இல் அரசாங்கம் தானே முன்வந்து ஒப்புக்கொண்ட தீர்மானத்தை நிறைவேற்ற இன்னும் இரண்டு வருட அவகாசம் கொடுக்கப்பட்டது. கண்காணிப்பு இருந்தால் சரி என்று எங்கள் பெரிய கட்சியும் தலையாட்டியது. தாய்மார் அவகாசம் கொடுக்கவேண்டாம் என்றார்கள். நாங்கள் ஏ9 வீதியால் பேருந்தில் போகும்போது அந்தக் கொட்டகையைப் பார்த்தோம், பாவம் என்றோம், அடுத்த தரிப்பிடத்தைப் பார்த்தோம். அவர்களைத் தேடிப் போனது பெரும்பாலும் கமராக்களும் வெளிநாட்டுத் தூதுவர்களும்தான். வாக்குப் போட்ட நாங்கள், எங்கள் வாக்கின் கணக்கை அந்தக் கொட்டகையில் இருந்து கேட்டிருக்கவேண்டியவர்கள்.

மாகாண சபையின் கதை இதைவிடச் சத்தமில்லாமல் நடந்தது. 2017 செப்டெம்பரில் மாகாண சபைத் தேர்தல் முறையை மாற்றும் சட்டம் பாராளுமன்றத்துக்கு வந்தது. எங்கள் பிரதிநிதிகளும் ஆதரித்தார்கள். அந்தப் புது முறைக்கான எல்லை மீள்நிர்ணய அறிக்கையை அடுத்த வருடம் பாராளுமன்றமே நிராகரித்தது. பழைய முறையும் போய், புது முறையும் வராமல் தேர்தல் அந்தரத்தில் தொங்கியது. 2018 ஒக்டோபரில் வடக்கு மாகாண சபையின் காலம் முடிந்தது. கதவைப் பூட்டியது மகிந்த இல்லை, நாங்கள் கொண்டுவந்த ஆட்சி. எங்களில் பலர் அந்தச் சட்டம் நிறைவேறிய நாளைக் கவனிக்கவே இல்லை.

அதே ஒக்டோபர் 26ஆம் திகதி மைத்திரிபால, மகிந்தவையே பிரதமராக்கினார். யாரை வெளியே நிறுத்த மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோமோ, அவரை முன்வாசலால் உள்ளே அழைத்து வந்தவர் நாங்கள் தெரிந்தெடுத்தவர்.

இன்னொரு அலட்சியம் இருக்கிறது. அது வாக்குச்சீட்டிலேயே இருக்கிறது. எங்கள் நாட்டு ஜனாதிபதித் தேர்தலில் ஒருவருக்கு மட்டும்தான் புள்ளடி போடவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 1, 2, 3 என்று மூன்று விருப்பைக் குறிக்கலாம். 1982இல் நடந்த முதல் தேர்தலில் இருந்தே இது இருக்கிறது. எவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், முதல் இருவரைத் தவிர மற்றவர்களை நீக்கிவிட்டு, அவர்களுடைய சீட்டுகளில் அடுத்த விருப்பு அந்த இருவரில் யாருக்கு என்று பார்ப்பார்கள். மனதுக்குப் பிடித்தவருக்கு 1, வந்தால் குறைவாகக் கெடுப்பவருக்கு 2. எங்களைத் தேர்தலுக்குத் தேர்தல் இரண்டாகப் பிளந்த கேள்விக்குச் சட்டம் இவ்வளவு எளிதாக ஒரு வழி வைத்திருந்தது. அதை எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தோம்? எந்தச் சனசமூக நிலையத்தில் ஒரு மாதிரிச் சீட்டைத் தொங்கவிட்டு விளங்கப்படுத்தினோம்?

2005 ஜனாதிபதித் தேர்தலை இந்தக் கண்ணால் பார்த்தால் வயிறு எரியும். மகிந்த 50.29 வீதம் எடுத்தார். பாதியைத் தாண்டியது வெறும் 28 ஆயிரம் சொச்சம் வாக்குகளால். இன்னும் 60 ஆயிரம் பேர் வேறு எவருக்காவது, கட்சி பெயர் தெரியாத ஒரு சுயேச்சைக்காவது 1 என்று போட்டிருந்தால், இரண்டாம் எண்ணிக்கைக்குப் போயிருக்கும். அன்றைக்கு ஏழு இலட்சம் வாக்காளர் பதிவாகியிருந்த யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தவர்கள் 1.2 வீதம். தேர்தல் புறக்கணிப்பு எங்கள் தலையில் கட்டப்பட்டது, நாங்கள் எடுத்த முடிவு இல்லை என்பது உண்மை. அதன் பின் இத்தனை வருடமாகியும் அதைப் பகிரங்கமாகப் பேசிப் பார்க்காதது எங்கள் முடிவுதான். அன்று மகிந்தவுக்கு எதிராக நின்ற ரணில் வந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்ற கற்பனைக்கு நான் போகவில்லை. அது தோற்றவர்களின் பொழுதுபோக்கு.

2024 செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில், இரண்டாம் விருப்பைப் பயன்படுத்தும் அந்தச் சந்தர்ப்பம் திரும்பி வந்தது. தமிழ்ப் பொது வேட்பாளராக அரியநேத்திரன் சங்குச் சின்னத்தில் நின்றார். அவருடைய சொந்தக் கட்சியான தமிழரசுக் கட்சி சஜித் பிரேமதாசவை ஆதரித்தது. சங்குக்குப் போட்டால் வாக்கு வீண் என்று ஒரு தரப்பும், சஜித்துக்குப் போட்டால் துரோகம் என்று மறு தரப்பும் கத்தின. ஒன்றைச் சங்குக்கும் இரண்டை வேறொருவருக்கும் போடலாமே என்ற குரல் அந்தச் சத்தத்தில் அமுங்கிப் போனது. கொள்கையில் உறுதியானவர்கள் என்று காட்டுவதற்கு இரண்டாவது கட்டத்தை வெறுமையாக விடுவதுதான் அழகு என்று நினைத்தோம் போலும்.

அரியநேத்திரனுக்கு 226,343 வாக்கு. முதலிடத்தில் வந்த அநுர குமார திசாநாயக்க 42.31 வீதத்தில் நின்றதால், இலங்கை வரலாற்றில் முதல் தடவையாக இரண்டாம் எண்ணிக்கை நடந்தது. நீக்கப்பட்டவர்களின் சீட்டுகள் நாடு முழுவதும் 33 இலட்சத்துக்கு மேல். அவற்றில் அநுரவுக்கோ சஜித்துக்கோ போய்ச் சேர்ந்த விருப்பு வாக்குகள் 273,131. நூற்றுக்கு எட்டைச் சற்றே தாண்டியது, அவ்வளவுதான். சிங்களவரும் இதில் எங்களைப் போலத்தான் என்று ஆறுதல் சொல்லலாம். ஆனால் அவர்களுக்கு அந்த இரண்டாவது கட்டம் எங்களுக்குப் போல அவசியமாக இருந்ததில்லை. எப்போதும் சொந்த வேட்பாளர் வெல்ல முடியாத தேர்தலில் நிற்பவர்கள் நாங்கள்தானே.

அந்த நவம்பரிலேயே பாராளுமன்றத் தேர்தல் வந்தது. யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றை அநுரவின் தேசிய மக்கள் சக்தி எடுத்தது. பச்சை, நீலம் என்ற பழைய கணக்கு ஒழிந்தது என்று பலருக்கு மகிழ்ச்சி. எனக்கும் கொஞ்சம் இருந்தது. ஆனால் “அவங்களுக்குக் கொஞ்சக் காலம் குடுங்கோ” என்ற பேச்சு உடனேயே தொடங்கிவிட்டது. வடக்கு, கிழக்கு இணைப்பை உடைத்த 2006 ஒக்டோபர் உயர் நீதிமன்றத் தீர்ப்பு, அந்தக் கூட்டணியின் தாய்க் கட்சியான மக்கள் விடுதலை முன்னணி முன்னின்று போட்ட வழக்கில்தான் வந்தது. வாக்குக் கேட்டு ஒழுங்கைக்குள் வந்த அவர்களின் வேட்பாளர்களிடம் ஊழலைப் பற்றிக் கேட்டோம், விலைவாசியைப் பற்றிக் கேட்டோம், சிரித்துக்கொண்டு படமும் எடுத்தோம். அந்த வழக்கைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு.