எத்தனை வருஷம் என்று மட்டும் கேட்டோம்

குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்ட வழக்கில் ஒருவர் கைதானால் அன்றைக்கு நாம் எல்லோரும் நீதிபதிகள். டீக்கடை பெஞ்சிலும் டிவி விவாதத்திலும் வாட்ஸ்அப் குழுவிலும் தூக்கு, என்கவுன்ட்டர் என்று தீர்ப்பு சொல்லி முடித்துவிடுகிறோம். சாட்சி விசாரணை முடிந்து நிஜமான தீர்ப்பு வரும்போது அந்த வழக்கே நமக்கு மறந்துபோயிருக்கும். மறுநாள் பேப்பரில் எண்ணை மட்டும் பார்த்துக்கொள்கிறோம். 20, 20, 5 என்று மூன்று பிரிவுகளில் கொடுத்ததைக் கூட்டி '45 ஆண்டு சிறை' என்று தலைப்புப் போட்டால் திருப்தி. 'ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டும்' என்ற கடைசி வரியை, அதாவது உள்ளே இருக்கப்போவது 20 ஆண்டுதான் என்பதை, எழுதுகிறவர்களும் அழுத்திச் சொல்வதில்லை, படிக்கிறவர்களும் கேட்பதில்லை.

அந்த எண் எப்படி முடிவாகிறது என்று நாம் கவலைப்பட்டதே இல்லை. குற்றம் நிரூபணமான பிறகு, தண்டனை பற்றி நீதிபதி தனியாக விசாரிக்க வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 235(2). இன்றைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 258(2). தீர்ப்பில் 'தண்டனை குறித்து எதிரியிடம் வினவியபோது' என்று ஒரு பத்தி வரும். வயதான தாயார், மனைவி, சிறு பிள்ளைகள், சம்பாதிக்கிறவன் நான் ஒருவன்தான், இதுவே முதல் குற்றம், கருணை காட்ட வேண்டும். இப்படிக் கேட்பது குற்றவாளியின் உரிமை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பாதிக்கப்பட்ட குழந்தை மறுபடி பள்ளிக்கூடம் போகிறதா, இரவில் தூங்குகிறதா, குடும்பம் அதே தெருவில் குடியிருக்க முடிந்ததா என்று விசாரித்து ஓர் அறிக்கை வாங்கித்தான் தண்டனை விதிக்க வேண்டும் என்று போக்சோ சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. வேண்டும் என்று நாமும் கேட்கவில்லை.

குழந்தை இல்லாத இடத்தில் என்னென்ன எடைபோடப்படும் என்பதற்கு ஒரு பழைய வழக்கு இருக்கிறது. கர்நாடகத்தில் ஏழெட்டு வயதுச் சிறுமியைச் சீரழித்தவனுக்கு விசாரணை நீதிமன்றம் 10 ஆண்டு கொடுத்தது. உயர் நீதிமன்றம் அதை 4 ஆண்டாகக் குறைத்தது. சொன்ன காரணங்கள்: 49 வயது, படிப்பறிவில்லாதவர், குடிப்பழக்கம் உள்ளவர், தள்ளாத தாயும் மனைவி மக்களும் அவரை நம்பி இருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து 10 ஆண்டை மீட்டது. அந்தக் காரணங்களை உயர் நீதிமன்றம் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. 'குடியில தெரியாம பண்ணிட்டான், பொண்டாட்டி புள்ளைங்க என்ன பாவம் செஞ்சாங்க' என்று நம் தெருவில் நாம் பேசுவதுதான் சட்ட மொழியில் அங்கே போய்ச் சேர்ந்தது.

சமரசமும் அப்படித்தான். 2015 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், சிறுமியாக இருந்தவரை வன்புணர்ந்ததற்காகத் தண்டனை பெற்ற ஒருவருக்கு, அந்தப் பெண்ணோடு சமரசப் பேச்சு நடத்துவதற்காக ஜாமீன் தந்தது. அந்தப் பெண் பேசவே முடியாது என்று மறுத்துவிட்டார். ஜூலை தொடக்கத்தில், மத்தியப் பிரதேசத்து ஏழு வயதுக் குழந்தையின் வழக்கில், இத்தகைய குற்றத்தில் சமரசத்துக்கு இடமே இல்லை என்று உச்ச நீதிமன்றம் கண்டித்துச் சொன்னது. அதன் பிறகு சென்னை உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. செய்தவனுக்கே கட்டிவைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று காலங்காலமாகப் பஞ்சாயத்துப் பேசியவர்கள் யார்? நம் பெரியவர்கள்தானே. தாம்பூலத் தட்டோடு போனவர்களும் நாம்தான்.

பிறகு கோபம் வந்தது. சட்டத்தைக் கடுமையாக்கு என்றோம், 2019இல் ஆக்கினார்கள். 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையை வன்புணர்ந்தால் குறைந்தது 20 ஆண்டு. உறவினர், ஆசிரியர், போலீஸ் என்று பாதுகாக்க வேண்டியவர்களே செய்தால் 20 ஆண்டில் தொடங்கித் தூக்கு வரை. சட்டம் குறைந்தபட்சம் என்று சொன்னால் அதற்குக் கீழே இறங்க நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று 2023இல் உச்ச நீதிமன்றமும் தெளிவுபடுத்திவிட்டது. வயதான தாயாரைக் காட்டிக் குறைக்கும் பேச்சு முடிந்தது. நம் வேலையும் முடிந்தது என்று நாம் வீட்டுக்குப் போய்விட்டோம்.

முடியவில்லை. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில், இந்த வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் குற்றஞ்சாட்டப்பட்டவர் குழந்தைக்குத் தெரிந்தவர். சித்தப்பா, மாமா, பக்கத்து வீட்டு அண்ணன், சில சமயம் அப்பாவே. இருபது வருஷம் உள்ளே போய்விடுவார் என்றால் யார் சோறு போடுவது என்ற கேள்வி அந்த வீட்டு அடுப்படியில் எழுகிறது. குழந்தையிடம் எல்லோரும் மாறி மாறிப் பேசுகிறார்கள். கோர்ட்டில் அம்மாவே பிறழ்சாட்சியாகிறாள். விடுதலை, இல்லையென்றால் 20 ஆண்டு, நடுவில் ஒன்றுமில்லை. அந்தக் குடும்பத்துக்குச் சோறும் அந்தத் தாய்க்குத் துணையும் யார் தருவது என்று கேட்காமலே எண்ணை மட்டும் உயர்த்தியவர்கள் நாம்.

மேற்கு வங்கத்து வழக்கொன்று இதை இன்னும் கூர்மையாகக் காட்டியது. 2018இல் 14 வயதுச் சிறுமி, 25 வயது இளைஞனோடு வீட்டை விட்டுப் போனாள். பிறகு குழந்தையும் பிறந்தது. சிறப்பு நீதிமன்றம் அவனுக்கு 20 ஆண்டு விதித்தது. கல்கத்தா உயர் நீதிமன்றம் 2023இல், பெண் பிள்ளைகளுக்குப் புத்திமதி சொல்லி, அவனை விடுவித்தது. உச்ச நீதிமன்றம் 2024இல் அவன் குற்றவாளிதான் என்று உறுதிசெய்துவிட்டு, தண்டனையை அறிவிக்காமல் நிறுத்தியது; நிபுணர் குழு ஒன்றை அவளிடம் அனுப்பிக் கேட்கச் சொன்னது. குழு கேட்டபோது தெரிந்தது இது: சமூகம் அவளைப் பழித்தது, வீடு கைவிட்டது, சட்டம் காக்கவில்லை. அவனை வெளியே கொண்டுவரப் போலீஸ், வக்கீல் என்று அலைந்ததே அவளுக்குப் பெரிய வதையாகியிருந்தது. 2025 மே மாதம், அரசியல் சாசனத்தின் 142ஆவது பிரிவைப் பயன்படுத்தி, தண்டனை வேண்டாம் என்று நீதிமன்றம் முடித்தது. மற்ற வழக்குகளுக்கு இது முன்னுதாரணம் ஆகாது என்றும் சொன்னது. 14க்கும் 25க்கும் நடுவே நடந்ததைக் காதல் என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. ஆனால் தண்டனை விதிக்கும் முன்னால் அவளிடம் ஒருமுறை கேளுங்கள் என்று சொல்ல நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

அதுவரை நாம் எங்கே இருந்தோம்? வழக்கு நடக்கும்போதே இடைக்கால இழப்பீடு வாங்கலாம், கூடவே நிற்க ஓர் உதவி நபரைக் கேட்கலாம் என்று 2020 விதிகளில் இருக்கிறது. பக்கத்துத் தெருவில் புகார் கொடுத்த குடும்பத்துக்கு இதைச் சொல்லியிருக்கலாம். நாம் சொன்னதெல்லாம் 'பொண்ணு வாழ்க்கை, வெளியில தெரிஞ்சா கெட்டுப்போயிடும்' என்பதுதான். தெரிந்தும் வாய் திறக்காமல் இருந்த உறவுகளும் ஆசிரியர்களும் அண்டை வீட்டார்களும் நம்மில் ஏராளம். அதே போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவு, தெரிந்தவர் எவரானாலும் புகார் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. சொல்லாவிட்டால் 21ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். எத்தனை வருஷம் என்று கேட்டுக்கொண்டிருந்த நாம், நமக்கு எத்தனை மாதம் என்று ஒருநாளும் கேட்டதில்லை.