மீதிப் பாதி உங்கள் கையில்



பத்திரிகை வேலையில் இருக்கிற எல்லாரும் ஒருமுறையாவது கையில் வாங்கிப் பார்க்க வேண்டிய அச்சுத்தாள் ஒன்று உண்டு. ஜப்பானின் தமியா நிறுவனம் தன் பிளாஸ்டிக் மாடல் பெட்டிக்குள் மடித்து வைக்கும் செய்முறைத் தாள்தான் அது. அந்த வண்டியோ விமானமோ எப்போது, எதற்காக உருவானது என்று முதலில் சில பத்திகள் சொல்லும். ஜப்பானியம், ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு என்று மொழிக்கு ஒரு கட்டம். உள்ளே புரட்டினால் எழுத்து ஏறக்குறைய மறைந்துவிடும். எல்லாம் கோட்டுப் படங்கள். ஒவ்வொரு உதிரியும் தான் போய்ச் சேரவேண்டிய இடத்துக்கு எதிரே அந்தரத்தில் நிற்கும். பக்கத்தில் ஓர் எழுத்தும் எண்ணும்: ஏ14, பி7. என்ன நிறம் பூச வேண்டும் என்பதற்கு இன்னொரு குறி. எந்த மொழிக்காரரும் இதைப் பார்த்து நூற்றுக்கணக்கான உதிரிகளை வரிசை தப்பாமல் சேர்த்துவிடலாம். எழுத்தைக் குறைத்துக்கொண்டே போய், புரிதலை மட்டும் குறையாமல் வைத்திருக்கிற ஒரு பக்கத்தை உருவாக்க எத்தனை பேர் எத்தனை முறை திருத்தியிருப்பார்கள் என்பது பக்கம் கட்டுகிறவர்களுக்குத் தெரியும். முகம் தெரியாத ஒருவர் மேல் இவ்வளவு அக்கறை காட்டிய அச்சுத்தாளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அந்த அக்கறையை ஒரு நிறுவனத்தின் குணமாகவே ஆக்கியவர் ஷுன்சாகு தமியா. 2025 ஜூலை 18 அன்று, தம் 90ஆவது வயதில் காலமானார். அவரைப் பற்றியும், அவர் உலகெங்கும் பரப்பிய இந்தப் பொழுதுபோக்கைப் பற்றியும் எழுத வேண்டும் என்று அன்றிலிருந்தே நினைப்பு.

ஜப்பானின் ஷிஸுவோகா மரவேலைக்குப் பேர்போன ஊர். கோயில் கட்ட வந்த தச்சர்களும் அரக்குவேலைக்காரர்களும் சில நூற்றாண்டுகளுக்கு முந்தைய எடோ காலத்தில் அங்கேயே தங்கிவிட்டார்கள் என்பது ஊரின் வரலாறு. ஷுன்சாகுவின் தந்தை யோஷியோ 1946இல் அங்கே மர வியாபாரம் தொடங்கினார். கூடவே மரத்தில் கப்பல், விமான மாடல்களும் செய்து விற்றார். 1951இல் ஏற்பட்ட தீவிபத்தில் மரமெல்லாம் எரிந்துபோக, இரண்டு ஆண்டுகளில் மர வியாபாரத்தையே விட்டுவிட்டு மாடலை மட்டும் கையில் எடுத்துக்கொண்டார். சட்டம் படித்துவிட்டு மகன் 1958இல் தொழிலுக்கு வந்த நேரத்தில் வெளிநாட்டு பிளாஸ்டிக் மாடல்கள் சந்தைக்குள் நுழைந்துவிட்டன. மரத்துக்கு இனி எதிர்காலம் இல்லை என்று தெரிந்தது. 1960இல் தமியாவின் முதல் பிளாஸ்டிக் மாடல் வந்தது: ‘யமாத்தோ’ போர்க்கப்பல், 800இல் ஒரு பங்கு அளவில். அதே கப்பலைப் போட்டி நிறுவனம் ஒன்று மலிவாக விற்றதால் முதல் முயற்சியே நஷ்டம். எஃகு அச்சு ஒன்றை வெட்டுவதற்கு ஆகும் செலவு பெரிது. அந்தச் செலவு திரும்பி வராவிட்டால் சிறு நிறுவனம் எழுந்திருப்பது கஷ்டம்.

எழுந்தார்கள். 1960களின் தொடக்கத்தில் ஜெர்மானிய ‘பாந்தர்’ டாங்கியை மோட்டாரோடு ஓடும்படி செய்து வெளியிட்டார்கள். பெட்டியின் மேல் படம் வரைந்தவர் அந்தக் காலத்தில் பிள்ளைகள் கொண்டாடிய ஓவியர் ஷிகேரு கொமட்ஸுஸாகி. அது நன்றாக விற்றது. உள்ளே மோட்டாரும் இரண்டு பேட்டரியும் அடங்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த டாங்கிக்கு அந்த உருவளவு அமைந்தது. அடுத்த டாங்கியையும் அதே அளவில் செய்ய நினைத்து அளந்து பார்த்தபோது, உண்மையான வண்டியில் ஏறக்குறைய 35இல் ஒரு பங்கு என்று வந்தது. இன்று ராணுவ வண்டி மாடல் செய்கிற நிறுவனங்களில் பெரும்பாலானவை பின்பற்றும் 1/35 என்ற விகிதம் இப்படிப் பிறந்தது. ஷுன்சாகுவோ அளவெடுப்பதில் பிடிவாதக்காரர். அமெரிக்காவின் அபர்டீன் ராணுவ அருங்காட்சியகம்வரை போய் டாங்கிகளைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்தார். போர்ஷே காரின் மாடலுக்காக ஓர் உண்மையான போர்ஷே 911ஐ வாங்கி, கழற்றிப் பார்க்கச் செய்தார். அந்த 1/12 அளவு போர்ஷே 1976இல் வந்தது.

பிரிட்டனுக்கும் இந்தப் பொழுதுபோக்கில் பெரிய பங்கு உண்டு. ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1952இல் ‘கோல்டன் ஹைண்ட்’ என்ற சிறு பாய்மரக் கப்பலை பிளாஸ்டிக் பையில் போட்டு, உல்வொர்த் கடைகளில் இரண்டு ஷில்லிங்குக்கு விற்றது. பள்ளிப் பிள்ளைகளின் கைக்காசுக்கு மாடல் எட்டியது அதன் பிறகுதான்.

இனி வேலைக்கு வருவோம். எனக்குப் பேச ஆசை இதைப் பற்றித்தான்.

பெட்டியைத் திறந்தால் சட்டங்களில் கோத்தபடி உதிரிகள் இருக்கும். உருக்கிய பாலிஸ்டைரீனை எஃகு அச்சுக்குள் அழுத்தி நிரப்பும்போது அது ஓடிவரும் வாய்க்கால்களே அந்தச் சட்டங்கள். அச்சிலிருந்து கழன்றுவர உதவிய எண்ணெய்ப் பசை உதிரிகள்மேல் ஒட்டியிருக்கலாம் என்பதால், முதலில் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைக்க வேண்டும். பிறகு கட்டரால் உதிரியைச் சற்றுத் தள்ளி ஒருமுறை, ஒட்டி இன்னொருமுறை என்று இரண்டு வெட்டில் பிரிக்க வேண்டும். ஒரே வெட்டில் ஒட்ட நறுக்கினால் பிளாஸ்டிக் வெளுத்துப்போகும், பள்ளமும் விழலாம். மீந்த முனையை உப்புத்தாளில் தேய்க்க வேண்டும், 400 எண் தாளில் தொடங்கி, 600, 1000 என்று நைசாகப் போய்.

ஒட்டுகிற திரவம் நாம் வீட்டில் வைத்திருக்கும் கோந்து வகையைச் சேர்ந்தது அல்ல. அது பிளாஸ்டிக்கையே கரைக்கும். இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இணைப்புக் கோட்டில் பிரஷ் நுனியால் தொட்டால் போதும். திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி திரவம் தானாகக் கோடு முழுக்க ஓடிவிடும். லேசாக அழுத்தினால் இரண்டு விளிம்பும் இளகி ஒன்றாகி, திரவம் ஆவியானதும் ஒரே துண்டாகிவிடும். அதன்பின் தெரிகிற கோட்டுக்குப் பட்டி வைத்துத் தேய்ப்பது, பிரைமர் அடிப்பது எல்லாம் நம் ஊர் பெயிண்டர்களும் கார் பட்டறைக்காரர்களும் அன்றாடம் செய்கிற வேலைகளே. அவர்கள் இந்தப் பொழுதுபோக்குக்கு வந்தால் மற்றவர்களை வெகு சீக்கிரம் தாண்டிவிடுவார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

வண்ணத்தில் இருக்கிறது அடுத்த படிப்பு. லேக்கர், அக்ரிலிக், எனாமல் என மூன்று வகை. மூன்றுக்கும் கரைப்பான் வேறு. கீழே லேக்கர் பூசி நன்றாகக் காயவிட்டு, மேலே தண்ணீராகக் கரைத்த கரும்பழுப்பு எனாமலை ஓடவிட்டால், அது மூலை முடுக்குகளில் போய்த் தங்கும். பரப்பில் மீந்ததை எனாமல் தின்னர் தொட்ட பிரஷால் துடைத்துவிடலாம். கீழிருக்கும் வண்ணம் கலையாது. இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? சிறிய பொருளின் பள்ளங்களில் விழும் நிழல், பெரிய பொருளில் விழுவதைப் போல அழுத்தமாகத் தெரிவதில்லை. அந்த நிழலை நாம்தான் தீட்ட வேண்டியிருக்கிறது.

அளவு சிறிதாகும்போது கண் எப்படி ஏமாறுகிறது என்பதற்கு ஒரு கணக்கு. 1/72 அளவு விமானத்தில், தகடுகள் சேரும் இடத்தைக் காட்ட 0.2 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு கோடு கீறியிருக்கிறது என்று வையுங்கள். உண்மை விமானத்துக்குப் பெருக்கினால் 14 மில்லிமீட்டருக்கும் மேல். சுண்டுவிரல் நுழைகிற இடைவெளி! அப்படி ஒரு விமானம் பறக்காது. ஆனால் கோட்டையே விட்டுவிட்டால் மாடல் வழவழவென்று உயிரற்றுத் தெரியும். எவ்வளவு மிகைப்படுத்தலாம் என்று மாடல் செய்கிறவர்களிடையே இன்றும் ஓயாத வாதம் நடக்கிறது. என் கட்சி, கோடு மெலிதாக இருக்கட்டும், நிழலில் மட்டும் தெரியட்டும் என்பது.

மனித உருவங்கள் தனிக் கலை. 1/35 அளவில் ஓர் ஆள் 5 சென்டிமீட்டர் உயரம். கண்ணின் அகலம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதற்கு மிகச் சிறிய பிரஷ்தான் வேண்டும் என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். அவ்வளவு சிறிய பிரஷில் எடுத்த வண்ணம் முகத்துக்கு வருவதற்குள் காய்ந்துவிடும். கூர்மை கெடாத நல்ல 0 எண் பிரஷ் போதும். கண்குழி, மூக்கின் அடி, தாடையின் கீழ் கருமை. மூக்குத்தண்டு, கன்னமேடு, நெற்றியில் வெளிச்சம். இதை ஒருமுறை செய்தவர் பேருந்தில் எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகத்தில் வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பார்க்கத் தொடங்கிவிடுவார். அமெரிக்கரான ஷெப்பர்ட் பெய்ன் (1946–2015) இத்தகைய உருவங்களையும் வண்டிகளையும் ஒரே காட்சியில் வைத்து, பார்க்கிறவருக்கு ஒரு கதை புரியும்படி செய்வதைத் தம் புத்தகங்களில் கற்றுக்கொடுத்தார். மாடல் உதிரிகள் சினிமாவுக்கும் போயின: 1977இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் விண்கலங்கள்மேல் ஒட்டப்பட்ட குழாய்களும் பெட்டிகளும்கூடக் கடையில் வாங்கிய டாங்கி, விமான மாடல்களின் உதிரிகள்தான்.

ஒரு கேள்வியைத் தவிர்க்க முடியாது. ஏன் இத்தனை டாங்கி, இத்தனை போர் விமானம்? போரைக் கண்ணால் கண்ட வாசகர்கள், குறிப்பாக இலங்கையில் இருப்பவர்கள், ஒரு கவச வாகனத்தை மேசைமேல் வைத்து வண்ணம் தீட்ட மனம் ஒப்பாமல் இருந்தால் அது முற்றிலும் நியாயம். ஷிஸுவோகாவுக்கும் அந்த நினைவு உண்டு. 1945 ஜூன் 19 இரவு தொடங்கிய அமெரிக்கக் குண்டுவீச்சில் அந்த நகரம் எரிந்தது. அன்றிரவு இரண்டு பி-29 விமானங்கள் ஒன்றோடொன்று மோதி விழுந்தன. இறந்த 23 அமெரிக்கர்களையும் ஊர்க்காரர் ஒருவர், அக்கம்பக்கத்தாரின் எதிர்ப்பையும் மீறி, இறந்த ஊர்மக்களோடு சேர்த்து அடக்கம் செய்தார். இரு தரப்பாருக்கும் அங்கே நினைவுக்கற்கள் இருக்கின்றன. இரு நாட்டவரும் கூடி அஞ்சலி செலுத்துகிறார்கள். அந்த ஊரிலிருந்துதான் உலகின் மிகச் சிறந்த மாடல்கள் வருகின்றன. போர்ப்பொருளைச் செய்கிறவர் செய்முறைத் தாளின் அந்தச் சில பத்திகளையாவது படிக்க வேண்டும், அந்த வண்டிக்குள் இருந்தவரையும் அதற்கு எதிரே நின்றவரையும் நினைக்க வேண்டும் என்பது என் எதிர்பார்ப்பு. மனம் ஒப்பாதவர்களுக்குக் கார், மோட்டார் சைக்கிள், பயணிகள் விமானம், ஜப்பானியக் கோட்டை என்று வேறு வழிகள் ஏராளம்.

தொடங்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். முதல் மாடல் சிறியதாக, உதிரிகள் குறைந்ததாக இருக்கட்டும். வண்ணம் தெளிக்கும் ஏர்பிரஷ் இப்போது வேண்டாம். ஒரு கட்டர், ஒரு கத்தி, உப்புத்தாள், ஒட்டும் திரவம், இரண்டு பிரஷ், தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வண்ணம் சில போதும். மூடியுள்ள ஒரு டப்பாவில் நனைத்த ஸ்பாஞ்சை வைத்து, அதன்மேல் பேக்கிங் பேப்பரை விரித்து, அதில் வண்ணத்தைக் குழையுங்கள். மதுரை வெயிலிலும் சீக்கிரம் காயாது. சென்னை, நாகை, யாழ்ப்பாணம் மாதிரிக் கடலோர ஊர்களில் மழை நாளில் லேக்கர் அடிக்காதீர்கள். காற்றின் ஈரம் பட்டு வண்ணம் பால்போல வெளுத்துவிடும். நீரில் நனைத்து ஒட்டும் படத்தாள்களைப் பெட்டியில் கிடக்கவிடாமல் காற்றுப்புகாத பையில் வையுங்கள். கரைப்பான்களின் ஆவி உடம்புக்குக் கெடுதல். சன்னலைத் திறந்துவையுங்கள், ஆவியைத் தடுக்கும் மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகள் கத்தி எடுக்கும்போது பக்கத்தில் இருங்கள்.

விலையைப் பற்றிக் கேட்பீர்கள். இறக்குமதிப் பெட்டி மலிவல்ல, உண்மை. ஆனால் ஒரு நடுத்தர மாடல் பல வாரங்களுக்கு மாலைப்பொழுதை எடுத்துக்கொள்ளும். வாங்கிக் குவித்து அலமாரியில் அடுக்கிவிட்டு ஒன்றையும் முடிக்காமல் இருப்பதுதான் இதில் உண்மையான வீண்செலவு. ஒன்றை வாங்குங்கள், முடியுங்கள், பிறகு அடுத்தது.

ஷிஸுவோகா நகரில் இப்போது பொதுத் தொலைபேசியும் தபால் பெட்டியும்கூடப் பெரிய மாடல் சட்டத்தில் கோத்த உதிரிகளாக நிற்கின்றன. தபால் பெட்டியில் உண்மையாகவே கடிதம் போடலாம். ஒவ்வொரு மே மாதமும் அங்கே நடக்கும் கண்காட்சிக்குத் தாங்கள் செய்த மாடல்களைக் கொண்டுவந்து வைக்கும் சாதாரண மனிதர்கள் ஏராளம். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இப்படிப் பலர் வீட்டு மேசைகளில் அமைதியாகச் செய்துகொண்டிருப்பீர்கள் என்று எனக்கு நம்பிக்கை இருக்கிறது. நீங்கள் செய்தவற்றின் படங்களை எங்களுக்கு அனுப்புங்கள். என்ன அளவு, எந்த வண்ணம், எந்த இடத்தில் சிரமப்பட்டீர்கள், எப்படிச் சமாளித்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். முதல் மாடலாக இருந்தாலும், இணைப்புக் கோடு தெரிந்தாலும் தயங்க வேண்டாம். வருகிற இதழ்களில் அவற்றுக்குப் பக்கம் ஒதுக்குகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்