லாச்சியும் பொக்கெற்றும்

அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் தன் சொந்த ஜிமெயிலில் இருந்து வேலை விசயமாக ஒரு கடிதம் எழுதுகிறார். அந்தக் கடிதம் யாருடையது? அவருடையதா, அவருக்குச் சம்பளம் கொடுக்கிற சனத்தினுடையதா?

இது சட்டத்தரணிமாரின் பாடு, எங்களுக்கென்ன என்று போய்விடாதீர்கள். தகவல் அறியும் உரிமை பற்றி நம்மவர்கள் நிறையப் பேசுகிறார்கள். விண்ணப்பம் போட்டால் பதில் வரும் என்று நம்புகிறார்கள். கடிதம் கந்தோரில் இருந்தால்தானே பதில் வரும்? அது ஐயாவின் யாகூ கணக்கில் இருந்தால்?

கலிபோர்னியாவில் சான் ஹொசே என்றொரு நகரம். 2009 யூன் மாதம் ஒருவர் அங்குள்ள நகர நிர்வாகத்துக்கு விண்ணப்பம் போட்டார். நகர மத்தியைப் புதுப்பித்துக் கட்டுகிற வேலை சம்பந்தமாக 32 வகை ஆவணங்கள் கேட்டார். மேயரும் இரண்டு சபை உறுப்பினர்களும் அவர்களுடைய அலுவலர்களும் சொந்தத் தொலைபேசிகளிலும் கருவிகளிலும் அனுப்பிய, பெற்ற மின்னஞ்சல்களும் குறுஞ்செய்திகளும் அதில் அடக்கம். நகர நிர்வாகம் தன் கணக்குகளில் இருந்ததைக் கொடுத்தது. சொந்தக் கணக்கில் இருப்பது பொது ஆவணமே இல்லை என்று மற்றதை மறுத்துவிட்டது. கீழ் நீதிமன்றம் கொடு என்றது. மேன்முறையீட்டு நீதிமன்றம் கொடுக்கத் தேவையில்லை என்றது. கடைசியில் 2017 மார்ச் 2ஆம் திகதி கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னது. பொது வேலையைப் பற்றிய கடிதம், சொந்தக் கணக்கில் போய் வந்த ஒரே காரணத்தால் பொது ஆவணம் இல்லாமல் போய்விடாது என்பதுதான் தீர்ப்பின் சாரம். இதைச் சொல்ல ஏறக்குறைய எட்டு வருசம் எடுத்தது.

உணவகத்தில் வேலை செய்கிற எங்களுக்கு இது எட்டு நிமிசத்தில் விளங்கும். பில்லுக்கு வந்த காசை லாச்சியில் போடாமல் தன் பொக்கெற்றில் போட்ட ஒருவன், "பொக்கெற் என்ர தானே" என்று சொன்னால் முதலாளி என்ன சொல்வார்? பொக்கெற் உன்னுடையதுதான் தம்பி, காசு உன்னுடையது இல்லை.

மறுபக்கமும் இருக்கிறது. அரசாங்க வேலை செய்கிறவர்களும் மனிசர்தான். பிள்ளையின் வருத்தம், வீட்டுக் கடன், மனைவியோடு சண்டை எல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருக்கும். அதையெல்லாம் ஊருக்குத் திறந்து காட்டச் சொல்வது அநியாயம். நீதிமன்றமும் அதை யோசித்திருக்கிறது. கூட வேலை செய்கிறவன் ஒரு மடையன் என்று மனைவிக்கு எழுதினால் அது பெரும்பாலும் பொது ஆவணம் ஆகாது. அவன் ஒரு திட்டத்தைச் சீரழிக்கிறான் என்று மேலதிகாரிக்கு எழுதினால் ஆகலாம். நல்ல பிரிப்பு. கேள்வி எந்தப் பெட்டி என்பதில்லை, என்ன விசயம் என்பதுதான்.

ஆனால் எனக்கு ஒரு இடம் உறுத்துகிறது. யார் தேடுவது? உத்தியோகத்தரே தன் கணக்கைத் தேடி, வேலை சம்பந்தமானதைத் தரலாம், தராததற்குச் சத்தியக் கடதாசி கொடுக்கலாம் என்று அந்தத் தீர்ப்பு ஒரு வழி காட்டுகிறது. நேர்மையான ஆளுக்கு அது போதும். மறைக்க வெளிக்கிட்ட ஆளுக்கு? தன் பொக்கெற்றைத் தானே தடவிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் செல்லும்?

ஹில்லாரி கிளின்ரன் அமெரிக்க வெளிவிவகார அமைச்சராக இருந்த நான்கு வருசமும் சொந்தக் கணக்கையே பாவித்தது 2015 மார்ச்சில் வெளியே வந்தது. ஏறத்தாழ 30,000 மின்னஞ்சல்களை அவர் தரப்பு வேலைக் கடிதம் என்று ஒப்படைத்தது. அதே அளவானவற்றைச் சொந்த விசயம் என்று ஒதுக்கியது. எது எந்தப் பக்கம் என்று பிரித்தது அவருடைய சட்டத்தரணிகள்.

பிரித்தானியாவிலும் அப்படித்தான். கல்வி அமைச்சராக இருந்த மைக்கல் கோவ் அலுவலக விசயத்தைச் சொந்த மின்னஞ்சலில் எழுதியது 2011இல் வெளியானது. அது கட்சி விசயம் என்று அமைச்சு வாதாடியது. கொடுக்கத்தான் வேண்டும் என்று 2012இல் தகவல் ஆணையாளர் உத்தரவிட்டார்.

அதனால் நான் சொல்வது இதுதான். கேட்கிற அன்று தேடுவது பிந்திய வேலை. எழுதுகிற அன்றே கடிதம் லாச்சிக்குள் போக வேண்டும். அமெரிக்க மத்திய அரசு 2014இல் ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது: சொந்தக் கணக்கில் வேலை விசயம் எழுதினால் 20 நாளுக்குள் அதன் பிரதி அரசாங்கக் கணக்குக்குப் போக வேண்டும். ஒவ்வொரு நாட்டிலும், ஒவ்வொரு நகரசபையிலும் இது வேண்டும். வட்ஸ்அப்புக்கும் வேண்டும். மீறினால் தண்டனையும் வேண்டும்.

2006இல் கம்பஸ் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வெளிக்கிட்ட எனக்கு ஏன் இதில் இவ்வளவு அக்கறை என்று கேட்பீர்கள். என் தஞ்சக் கோரிக்கை நிராகரிக்கப்பட்ட பிறகு சட்டத்தரணி என் கோப்பின் பிரதியைக் கேட்டு எடுத்தார். (அவரவர் கோப்பைக் கேட்பதற்கான சட்டம் வேறு, ஆனால் பாடம் ஒன்றுதான்.) அதற்குள் ஓர் உத்தியோகத்தர் இன்னொருவருக்கு எழுதிய இரண்டு வரி இருந்தது. இவர் சொல்கிற பயணப் பாதை நம்பத்தக்கதாக இருக்கிறது என்று. மேன்முறையீட்டில் அந்த இரண்டு வரியைத்தான் சட்டத்தரணி தூக்கிக் காட்டினார். முகம் தெரியாத அந்த மனிசர் அதைத் தன் சொந்த ஜிமெயிலில் இருந்து அனுப்பியிருந்தால் கோப்பில் அது வந்திராது. அப்படி ஒரு வரி இருந்தது என்பதே எனக்குத் தெரிந்திராது.

இலங்கையிலும் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது. பகிரங்க அதிகாரசபையின் உடைமையில், காவலில் அல்லது கட்டுப்பாட்டில் உள்ள தகவலைக் கேட்கலாம் என்கிறது. அந்தக் "கட்டுப்பாடு" என்ற சொல்லைச் சும்மா விடக்கூடாது. தன் உத்தியோகத்தர் வேலைக்காக எழுதிய கடிதம் தன் கட்டுப்பாட்டில் இல்லை என்று ஒரு திணைக்களம் சொன்னால், பிறகு அந்தத் திணைக்களம் என்பது என்ன? கட்டடமும் கதிரையுமா? காணிக்காகவும் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைக்காகவும் அலைகிற எங்கள் சனத்துக்கு "எங்களிடம் அப்படியொன்றும் இல்லை" என்ற பதில் புதிதில்லை. அந்தப் பதிலுக்கு இன்னொரு ஒளிப்பிடம் கொடுக்கக்கூடாது.

ஆகவே ஊரில் உள்ளவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கிறவர்கள், நீங்கள் இருக்கிற நாட்டில் எழுதுகிறவர்கள், ஒரு வரியைச் சேர்த்து எழுதுங்கள்: "இவ்விடயம் தொடர்பாக உத்தியோகத்தர்களின் சொந்த மின்னஞ்சல், தொலைபேசிக் கணக்குகளில் உள்ளவையும் உட்பட." கேட்காவிட்டால் தேடவும் மாட்டார்கள்.