தறிக்காரர் வீட்டுக் கார்

வெள்ளை நிறம். ஒல்லியான உடம்பு. காலையில் எழுப்பினால் உறுமும். வீட்டில் ஒருவர் சொன்னால்தான் கேட்கும். மற்றவர்கள் கிட்டே போனால் முறைக்கும். எழுதுகிற ஆசாமிக்கு ஊர் ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சேத்தூர் என்பதால் 'ஆகா, நாயைப் பற்றி எழுதுகிறான்' என்று நீங்கள் முடிவு கட்டியிருந்தால், மன்னிக்க வேண்டும். நான் சொல்வது எங்கள் வீட்டு மாருதி 800-ஐ.

1996-ஆம் வருஷத்து வண்டி. அப்பா அதை 1999-ல் இரண்டாம் கையாக, சீட்டுப் பணமும் அம்மாவின் இரட்டை வடச் சங்கிலியும் சேர்த்து ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கு வாங்கினார். அப்பாவுக்குச் சத்திரப்பட்டியில் எட்டுத் தறி இருந்தது. ஆஸ்பத்திரிகளில் காயத்துக்குக் கட்டுகிற பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிகள். எட்டுத் தறிக்கும் அவரே முதலாளி, அவரே மேஸ்திரி, அவரே மெக்கானிக்.

கார் வந்து நின்ற அன்று தெருவே கூடிவிட்டது. அதுவரை எங்கள் பக்கத்தில் கார் என்றால் அம்பாசிடர். அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது காராகவே படவில்லை. "என்ன அண்ணாச்சி, சோப்பு டப்பாவுக்குச் சக்கரம் வச்சிருக்கீக?" என்றார் ஒருவர். "சிவகாசிப் பக்கம் கொண்டு போயிராதீக. தீப்பெட்டின்னு லேபிள் ஒட்டிருவாக" என்றார் இன்னொருவர். அப்பா யாருக்கும் பதில் சொல்லவில்லை. பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, இன்ஜினை ஓடவிட்டு, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு சொன்னார்: "இதுல தறிச் சத்தம் கேக்குதுய்யா."

பத்து நிமிஷம் சிரித்தோம். அது எவ்வளவு பெரிய உண்மை என்று எனக்குத் தெரிய இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

2024 டிசம்பரில் ஜப்பானில் ஒசாமு சுசூகி என்ற பெரியவர் 94 வயதில் காலமானார். சுசூகி கம்பெனியை நாற்பது வருஷத்துக்கு மேல் கட்டி மேய்த்தவர். மறு மாதமே நம் அரசு அவருக்குப் பத்ம விபூஷண் அறிவித்தது. யாரப்பா இவர் என்று படிக்க உட்கார்ந்தேன். உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

முதல் ஆச்சரியம், இந்தக் கம்பெனி கார்க் கம்பெனியாகப் பிறக்கவே இல்லை. மிச்சியோ சுசூகி என்பவர் தச்சு வேலை கற்றவர். தன் தாயார் துணி நெய்யச் சிரமப்படுவதைப் பார்த்து அவருக்காக ஒரு தறி செய்து கொடுத்தார். அது நன்றாக ஓடவே, அக்கம்பக்கத்தார் எனக்கு ஒன்று, உனக்கு ஒன்று என்று கேட்டார்கள். 1909-ல் ஹமாமட்சு என்ற ஊரில் தறிப் பட்டறை தொடங்கிவிட்டார். கோடும் கட்டமும் போட்ட துணி நெய்கிற தறியில் கெட்டிக்காரர். தென்கிழக்கு ஆசியாவில் இடுப்பில் கட்டுகிற சாரோங் இருக்கிறதே, நம்ம கைலிக்கு ஒன்றுவிட்ட தம்பி, அதை நெய்கிற தறிகளை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்தார். 1950-களில் பருத்தி வியாபாரம் படுத்துவிட, கம்பெனி பிழைக்க வேறு வழி பார்த்தது. 1952-ல் சைக்கிளில் மோட்டார் மாட்டினார்கள். 1954-ல் பெயரையே சுசூகி மோட்டார் என்று மாற்றிக்கொண்டார்கள். 1955-ல் முதல் கார்.

டொயோட்டா கதையும் இதேதான். சாகிச்சி டொயோடா தானியங்கித் தறி செய்தவர். மகன் கார் செய்தார். ஆக, ஜப்பானில் தறிக்காரர்கள் கார் செய்தார்கள். நம் பக்கத்துத் தறிக்காரர் கார் வாங்கினார். ஏதோ, நம்மால் ஆனது.

இரண்டாவது ஆச்சரியம், ஒசாமுவின் சொந்தக் குடும்பப் பெயர் சுசூகி இல்லை, மட்சுடா. சுசூகி வீட்டுப் பெண்ணைக் கட்டி, அவர்கள் குடும்பப் பெயரையும் எடுத்துக்கொண்டவர். சாட்சாத் வீட்டோடு மாப்பிள்ளை! நம் ஊரில் வீட்டோடு மாப்பிள்ளை என்றால் பேப்பர் படிப்பார், காப்பி குடிப்பார், மச்சானோடு சண்டை போடுவார். அங்கே மாப்பிள்ளை உலகத்துக்குக் கார் விற்கிறார். அவருக்கு முன்னால் மிச்சியோவின் மாப்பிள்ளையும் தலைவராக இருந்திருக்கிறார். பெண்ணைப் பெற்றவர்கள் கவனிக்கவும்.

நம் பக்கத்துக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சஞ்சய் காந்தியின் மக்கள் கார் கனவு 1971-ல் மாருதி என்று கம்பெனியானது. கார் மட்டும் கடைசிவரை கடைக்கு வரவில்லை. 1980-ல் அவர் விமான விபத்தில் மறைந்த பிறகு, 1981-ல் அரசு மாருதி உத்யோக் என்று புதிதாகத் தொடங்கியது. அதைத் தூக்கி நிறுத்தியவர் தஞ்சாவூர்ப் பக்கம் கருவேலியில் பிறந்த வி. கிருஷ்ணமூர்த்தி, பெல் நிறுவனத்தை வளர்த்த அதே ஆள். 1982 அக்டோபரில் சுசூகியோடு ஒப்பந்தம். அவர்களுக்கு 26 சதவிகிதப் பங்கு. குர்கான் தொழிற்சாலையில் மேனேஜருக்கும் தொழிலாளிக்கும் ஒரே யூனிபாரம், ஒரே கேன்டீன். அந்தக் காலத்தில் அது காரைவிடப் பெரிய செய்தி.

1983 டிசம்பர் 14, சஞ்சய் காந்தியின் பிறந்த நாள். அன்று டெல்லியைச் சேர்ந்த ஹர்பால் சிங் கையில் முதல் காரின் சாவியை இந்திரா காந்தி கொடுத்தார். விலை ஏறக்குறைய ஐம்பதாயிரம் ரூபாய். ஹர்பால் சிங் 2010-ல் இறக்கும் வரை அதை விற்கவில்லை. வேறு கார் வாங்கக் காசில்லாமல் இல்லை. அது அவருடைய முதல் கார் மட்டுமல்ல, எல்லோருடைய முதல் காரும் அதுதானே.

2002-ல் சுசூகி கை ஓங்கியது. 2007-ல் அரசு மிச்சப் பங்கையும் விற்றுவிட்டு வெளியேற, பெயர் மாருதி சுசூகி என்றாயிற்று. 2014 ஜனவரியில் 800 உற்பத்தியை நிறுத்தினார்கள். அதற்குள் இருபத்தைந்து லட்சத்துக்கு மேல் ரோட்டுக்கு வந்துவிட்டன. அதில் ஒன்று சேத்தூரில் எங்கள் வாசலில், வேப்ப மரத்தடியில்.

'எங்கள் கார்' என்று சொல்கிறேனே தவிர, அந்த நாளில் அது தெருவின் கார். 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டுக்கு வந்தது 2008-ல். அதற்கு முன்னால் ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கதவைத் தட்டினால் பாம்புக்கடி, நெஞ்சுவலி, பிரசவம், மூன்றில் ஒன்று. அப்பா 'யாரு, என்ன' என்று கேட்பதற்குள் சட்டையை மாட்டியிருப்பார். டாங்கில் 28 லிட்டர் பிடிக்கும். அதை அவர் ஒரு நாளும் நிரப்பியதில்லை. ஆனால் ராஜபாளையம் போய்வர ஐந்து லிட்டர் இல்லாமல் இரவு படுத்ததும் இல்லை.

நாலு பேர் உட்கார வேண்டிய வண்டியில் ஆண்டாள் கோயில் ஆடிப்பூரத் தேருக்கு ஒன்பது பேர் போயிருக்கிறோம். இறங்கும்போது எந்தக் கால் யாருடையது என்று கண்டுபிடிக்கவே ஐந்து நிமிஷம் ஆகும். 2001-ல் கிழக்குத் தெரு அக்காவுக்கு வலி கண்டு கூட்டிப் போகையில், ராஜபாளையம் எல்லை வருவதற்குள் தென்காசி ரோட்டிலேயே, பின் ஸீட்டில் பிள்ளை பிறந்துவிட்டது. அந்தப் பையனுக்கு இப்போது பெண் பார்க்கிறார்கள். "சொந்தமா கார் இருக்கா?" என்று பெண் வீட்டார் கேட்டதற்கு, அக்கா சளைக்காமல், "கார்லதான் பெறந்தான்!" என்றாளாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இவ்வளவு நேரம் சுற்றி வளைத்ததற்குக் காரணம், விஷயத்துக்கு வரவே எனக்குக் கூச்சமாக இருந்ததுதான்.

பழைய வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு தரம் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2021-ல் புதுப்பித்தபோது கட்டணம் 600 ரூபாய். 2022-ல் அதை ஐயாயிரம் ஆக்கினார்கள். 2025 ஆகஸ்டில், இருபது வருஷம் தாண்டிய காருக்குப் பத்தாயிரம் என்றார்கள். பசுமை வரி, டிங்கரிங், பெயின்ட் இத்யாதி தனி. காயலான் கடைக்காரர் வந்து வண்டியைத் தட்டிப் பார்த்து, இரும்பு விலைக்குப் பதினெட்டாயிரம் என்றார்.

"வித்துருங்க" என்றாள் மனைவி. காரணம் பணம் இல்லை. அப்பாவுக்கு எண்பத்திரண்டு வயது. ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, இன்னொன்று மங்கல். லைசென்ஸ் போன வருஷமே முடிந்துவிட்டது. இருந்தும் காலை ஆறு மணிக்கு 'சூடு பண்றேன்' என்று ஸ்டார்ட் செய்பவர், நாங்கள் பார்க்காத நேரமாகக் கண்மாய்க் கரை வரை ஓட்டிப்போய் வருகிறார். அந்தக் கரையில்தான் காலையில் பிள்ளைகள் டியூஷனுக்குப் போகிறார்கள்.

பெற்ற தகப்பனிடம் போய், 'இனிமேல் ஓட்டாதீங்க, சாவியைக் கொடுங்க' என்று எப்படிக் கேட்பது? சைக்கிளின் பின்னால் ஓடிவந்து எனக்கு விடக் கற்றுக் கொடுத்தவர் அவர். மூன்று மாதம் யோசித்தேன். அப்போதுதான் இந்தப் பத்தாயிரம் ரூபாய் தெய்வம் மாதிரி வந்தது. சர்க்கார் புதுப்பிக்க விடமாட்டேன் என்கிறது என்று சொல்லிவிடலாம். பழி கவர்ன்மென்ட்டுக்கு, நிம்மதி எனக்கு. தைரியம் இல்லாத மகன்களுக்காகத்தான் சட்டங்கள் இயற்றப்படுகின்றன.

ஒரு ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஆரம்பித்தேன்.

"யப்பா, வண்டிக்கு ஆர்.சி. முடியுது. பழைய வண்டிய இனிமே விடமாட்டாகளாம். பேசாம குடுத்துருவோமா?"

அப்பா வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார். "எந்த ரூல்ல விடமாட்டாக?"

"புது ரூலு."

"பத்தாயிரம் கட்டுனா விடுவாக. பேப்பர்ல போட்டுருந்தான்." வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். "நான் ஓட்டக் கூடாதுங்கிறதுக்கு அதை ஏன்யா உடைக்கணும்?"

எனக்குத் தரையைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. உள்ளே பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றுபோயிற்று.

சற்று நேரம் கழித்து அவரே பேசினார். "போன வாரம் கரையில ஒரு புள்ள சைக்கிள்ல வந்துச்சு. கிட்ட வந்தப்பொறந்தான் தெரிஞ்சுது. அன்னைக்கே நானாச் சொல்லணும்னு நெனச்சேன். வாய் வரல." மடியிலிருந்து சாவியை எடுத்து என் பக்கம் தள்ளினார். "ஓட்டுறதுக்குத்தான் கண்ணு வேணும். வண்டியப் பாத்துக்கிட காது போதும்."

அப்போதுதான் சுசூகி கதையைச் சொன்னேன். தாயாருக்குச் செய்த தறி, கைலி, பருத்தி வியாபாரம் படுத்தது எல்லாம். கண்ணை மூடிக் கேட்டவர், "அதான பாத்தேன்!" என்று தொடையில் தட்டினார். "மூணு சிலிண்டரும் தறி மாதிரி அடிக்கும்னு அன்னைக்கே சொன்னேம்ல? சிரிச்சீகளே!" இருபத்தேழு வருஷத்து வழக்கில் ஜெயித்தவர் மாதிரி ஒரு முகம்.

அவருடைய எட்டுத் தறியும் இப்போது இல்லை. முழங்கால் வலி வந்ததும் விற்றுவிட்டார். கையால் திறந்து, கையால் சரி செய்து, காதால் சோதிக்கிற மாதிரி அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே யந்திரம் அந்தக் கார்தான். இது எனக்கு உறைக்கவே சாவி கைமாற வேண்டியிருந்தது.

பத்தாயிரம் கட்டினேன். போன மாதம் சோதனைக்காக ஸ்ரீவில்லிபுத்தூர் போக்குவரத்து அலுவலகத்துக்கு வண்டியைக் கொண்டுபோனோம். நான் ஓட்ட, அப்பா முதல் முறையாக இடது பக்கம் உட்கார்ந்து வந்தார். வழிநெடுக என் கிளட்ச்சைப் பற்றி அவர் சொன்ன அபிப்பிராயங்களை இந்தப் பத்திரிகையில் அச்சிட மாட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் லைட்டைப் போடச் சொன்னார், ஹாரனை அடிக்கச் சொன்னார், பிரேக்கைப் பார்த்தார். பானெட்டைத் திறந்து இன்ஜினைப் பார்த்தவர் நிமிர்ந்தார். "முப்பது வருஷ வண்டிங்கிறீங்க. நல்லா வச்சிருக்கீங்களே. யார் பாத்துக்கிறது?"

"எங்கப்பா, சார்" என்று இடது பக்கம் கையைக் காட்டினேன்.

அப்பாவுக்கு அவர் கேட்டது காதில் விழவில்லை. சமீபமாக மனிதர்கள் பேசுவது அவருக்கு அவ்வளவாகக் கேட்பதில்லை. ஆனால் இன்ஜின் கேட்கும். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி ஒரு அதட்டல் போட்டார்.

"நின்னுக்கிட்டுப் பேசும்போது அமத்திப் போட்டுப் பேசுய்யா! பெட்ரோல் என்ன வெல விக்குது?"

அமர்த்தினேன்.